கூட்டினால் ஒன்பது

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெயரை மனிதகுலம் மறந்துவிட்டது; ஆனால் சக்கரத்துக்குரிய சரியான அளவைக் கண்டுபிடித்தவன் பெயரை அது ஒருநாளும் மறக்காது. சிராங்கூன் ரோடு முடிதிருத்தும் கடையில், முகத்தில் பாதி சோப்பு நுரையோடு சேதுபதி இப்படிப் பிரகடனம் செய்தபோது, கடையிலிருந்த ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், இன்னொருவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி பிடித்திருந்தவர் மட்டும், "தலையை ஆட்டாதீங்க" என்றார்.

சேதுபதி செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார ஆபீசரிடம், இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிய நாளிலிருந்து, சம்பள நாள் தவிர மற்ற நாட்களில் அவர் கிராணியாக இருப்பதில்லை. தாம்சன் ரோட்டில் வருஷா வருஷம் நடக்கும் கார்ப் பந்தயத்தைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர் என்ற தகுதியில், தோல் கையுறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டார். சிங்கப்பூர் வெயிலில் அதைக் கழற்றும்போதெல்லாம் கை வேகவைத்த மரவள்ளி மாதிரி வெளியே வரும். இருந்தாலும் மாட்டிக்கொள்வார்.

அவருக்கு இருந்த இன்னொரு சீக்கு எண் சாஸ்திரம். பிறந்த தேதி பதினெட்டு, கூட்டினால் ஒன்பது. ஆங்கிலத்தில் எழுதும் பெயரில் ஓர் 'எச்' எழுத்தைச் செருகி அதையும் ஒன்பதாக்கிவிட்டார். காரின் நம்பர் பலகையும், தெய்வாதீனமாக, ஒன்பது. இத்தனை ஒன்பது இருந்தும் முப்பத்தாறு வயதுவரை கல்யாணம் ஆகாததற்குக் காரணம் தேடி, ஒருநாள் குனிந்து டயரைப் பார்த்தார். 5.20-13 என்று போட்டிருந்தது. கூட்டினால் பதினொன்று, அதாவது இரண்டு. சந்திரன்! தேய்கிறவன்! கார் வாங்கியே ஆறு மாசம்தான் ஆகிறது, அதற்கு முந்தைய வருஷங்களுக்கு டயர் எப்படிப் பொறுப்பாகும் என்ற கேள்வி அவருக்குத் தோன்றவில்லை. சாஸ்திரம் தெரிந்தவர்களுக்கு அப்படியெல்லாம் தோன்றாது.

டயர் மாற்றுவது இப்போது அவசரம். பாத்திரக்கடை ராமசாமி தம் மகள் கண்மணிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். சேதுபதியிடம் அவர் சொல்லியிருந்தார்: "வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்க சிவப்புக் காடியிலேயே சிலோன் ரோடு பிள்ளையார் கோயிலுக்குப் போவோம் தம்பி. பேசிக்கிட்டே போனா மனுஷன் தெரிஞ்சிடும். எனக்குப் பிடிச்சிருந்தா அங்க உங்க பேரையும் பொண்ணு பேரையும் சேர்த்துச் சொல்லி அர்ச்சனை பண்ணிடுவோம். அதுதான் நிச்சயம்."

இப்படிப்பட்ட மாமனாரை இரண்டாம் எண்ணில் ஏற்றிப் போகலாமா? சேதுபதி ஜாலான் புசாருக்குப் போனார். அங்கே அப்துல் முத்தலிப் பழைய டயரும் ரிம்மும் விற்றுக்கொண்டிருந்தார்.

"என்ன அளவு வச்சிருக்கீங்க பாய்?"

"145-13 இருக்கு அண்ணே."

சேதுபதி விரல் மடக்கினார். "பதினாலு. அஞ்சு. புதன். யாவாரிக்கு ஆகும், எனக்கு ஆகாது."

"165-13? அகலமா ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்."

"ஏழு, கேது! பொண்ணு கேக்கப் போறவன் சந்நியாசி நம்பர்லயா போவான்?"

"175-13?"

"சனி. வாயைக் கழுவுங்க பாய்."

முத்தலிப் தலையைச் சொறிந்தார். கடையின் பின்கட்டில் நாலு கம்பி ரிம் டயரோடு கிடந்தது. ஏதோ பெரிய காரிலிருந்து கழற்றியது. யாரும் சீண்டாததால் பூனை குட்டி போட்டிருந்தது. "165-15தான் மிச்சம். ஆனா அது..."

சேதுபதியின் உதடுகள் அசைந்தன. "பதினெட்டு. ஒன்பது. செவ்வாய்! ஏன் பாய் இத்தனை நேரம் மறைச்சீங்க?"

"உங்களுக்குன்னுதான் வச்சிருந்தேன் லா," என்றார் முத்தலிப், பூனையை விரட்டிக்கொண்டே.

"மட்கார்டுல இடிக்குமா?"

"நேராப் போனா இடிக்காது அண்ணே."

"நான் எப்பவும் நேராப் போறவன்தான்" என்று சேதுபதி நெஞ்சை நிமிர்த்தினார்.

மாட்டி முடித்ததும், தரையோடு பதுங்கியிருந்த கார் கட்டைக்கால் கட்டிய சேவலைப் போல எழுந்து நின்றது. செம்பவாங் ரோட்டில் தனியாக ஓட்டிப் பார்த்தார். ஆள் ஒல்லி, ரோடும் பெரும்பாலும் நேர். வளைவுகளில் மட்டும் எங்கோ லேசாக உரசியது. கம்பீரம் என்று அதற்குப் பெயர் வைத்தார்.

வெள்ளிக்கிழமை ராமசாமி அர்ச்சனைத் தட்டோடு வந்து ஏறினார். பாத்திரக்கடையின் அத்தனை அண்டாக்களையும் ஒன்றாக உருக்கி வார்த்தது போன்ற உடம்பு. அவர் உட்கார்ந்ததும் கார் இடது பக்கமாகக் குனிந்து கும்பிட்டது. லவெண்டர் ஸ்ட்ரீட்டில் திரும்பும்போது "கர்ர்ர்" என்றது.

"என்ன தம்பி சத்தம்?"

"கிரிப்பு மாமா. ரேஸ் காடின்னா இப்படித்தான், ரோட்டோட பேசிக்கிட்டே போகும்."

"பேசுற மாதிரி தெரியலையே. அழுவுற மாதிரியில்ல இருக்கு."

காலாங் தாண்டியதும் ராமசாமி மூக்கை உறிஞ்சினார். "என்னமோ கருகுதே."

"உங்க தட்டுல இருக்கிற கற்பூரமா இருக்கும் மாமா."

"கொளுத்தாத கற்பூரமா?"

சேதுபதி கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்பதின் மகிமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். காத்தோங் வரும்வரை பேசினார். ராமசாமி தேங்காய் உருளாமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

சிலோன் ரோடு முனையில் சேதுபதி ஸ்டியரிங்கை ஒடித்தார். சக்கரம் மட்கார்டுக்குள் போய் ஆப்பு மாதிரி மாட்டிக்கொண்டது. கார் நடுரோட்டில் நின்றது. பின்னால் பஸ் ஒன்று ஹார்ன் அடித்தது. திரிஷா மிதித்து வந்த ஒருவர் மலாயில் ஏதோ சொன்னார், வாழ்த்து இல்லை.

"மாமா, ஒரு நிமிஷம் இறங்கினீங்கன்னா காடி திரும்பிடும்."

"நானா?"

"நீங்கதான் மாமா வெயிட்டு."

ராமசாமி இறங்கினார். கார் திரும்பியது. ராமசாமி ஏறினார். கார் மறுபடி குனிந்து, மறுபடி மாட்டியது. மூன்றாம் முறை அவர் ஏறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தட்டை ஏந்தி முன்னால் நடந்தார். சேதுபதி பின்னால், மாட்டுவண்டி வேகத்தில், கையுறையோடு ஊர்ந்து வந்தார்.

"என்னண்ணே, சாமி புறப்பாடா?" என்றார் பூக்கடைக்காரர்.

பஸ்ஸில் முன்னதாகவே வந்து கோயில் வாசலில் நின்ற கண்மணி, வியர்த்து வழியும் அப்பாவையும் பின்னால் வரும் வாகனத்தையும் பார்த்தாள். "காடி ரிப்பேராப்பா?"

"ரிப்பேர் இல்ல" என்று சேதுபதி குதித்து இறங்கினார். "டயரைக் கூட்டிப் பாருங்க. ஒன்பது!"

"ஓ, இது கூட்டிப் பார்க்கிற காடியா? நான் ஏறிப் போற காடின்னு நினைச்சேன்" என்றாள் கண்மணி. சேதுபதி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

சந்நிதியில் குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "அர்ச்சனை யார் பேருக்கு?" என்று கேட்டார். சேதுபதி கையைக் கூப்பி, பெயரையும் நட்சத்திரத்தையும் நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தார்.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றார் ராமசாமி.

சேதுபதி கூப்பிய கையை உடனே இறக்கவில்லை. இறக்கினால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே. இன்றைய தேதியைக் கூட்டிப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்றுதான் உள்ளுக்குள் நொந்துகொண்டார். மட்கார்டின் நினைப்பே வரவில்லை.

வெளியே வந்தபோது இடது பக்க டயர் மட்கார்டு விளிம்பில் கிழிந்து, காற்றுப் போய்க் கிடந்தது. ராமசாமியும் மகளும் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். சேதுபதியும் அதே பஸ்ஸில்தான் போனார். அவரிடம் சில்லறை இல்லை. கண்மணி அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள்.