இனிமேல் கையைத் தூக்கலாம்

வெளியே பனி குவிந்து கிடக்கிற ஜனவரியிலும் மணியன் தன் பழைய டொயோட்டாவின் கண்ணாடிகளை ஒரு சாண் இறக்கி விட்டுத்தான் ஓட்டுவான். பக்கத்து சீட்டில் முகம்மது குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டு, பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருப்பான். பின் சீட்டில் சேனாபதி. ஹீட்டரைப் போட்டு மூடிக்கொண்டு போனால் தூக்கம் வந்து எங்கேயாவது மோதிவிடுவோம் என்பது மணியன் சொன்ன காரணம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்கு இவ்வளவு குளிர் தாங்குகிறதே என்று சேனாபதி ஆச்சரியப்பட்டுக்கொண்டு வருவான்.

மூன்று பேரும் அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் கன்சல்டிங் கம்பெனி பிடித்துக் கொடுத்த அபார்ட்மென்ட்டில் இருந்தார்கள். பக்கத்திலேயே ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. யாரோ முப்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிய கோபோல் புரோகிராம்களில் வருஷத்துக்கு இரண்டு இலக்கம்தான் இடம் விட்டிருந்தார்கள். 2000 பிறந்தால் கம்ப்யூட்டர் அதை 1900 என்று நினைத்துக்கொள்ளும். அந்த இடங்களைத் தேடித் திருத்துவது அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரியான வேலை. சேனாபதி அதில் கெட்டிக்காரன்.

அவனுக்கு ஒரு தொல்லை இருந்தது. அக்குள் நாற்றம். ஹாஸ்டலில் அவன் பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் நிற்காது. படிகாரம், எலுமிச்சம்பழம், டப்பா டப்பாவாகப் பவுடர், எல்லாம் பார்த்தாயிற்று. அரை மணி நேரத்துக்கு மேல் எதுவும் தாங்கவில்லை. வகுப்பில் விடை தெரிந்தாலும் கையைத் தூக்க மாட்டான். கோபி பஸ்ஸில் மேல்கம்பியைத் தொடாமல், சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டே ஈரோடு வரை நின்றிருக்கிறான். அமெரிக்கா வந்த பிறகு ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை, விலகிப் போகவில்லை. இந்த ஊர்க் குளிர் தன் உடம்புக்கு ஒத்துக்கொண்டது, பீடை தொலைந்தது என்று முடிவு கட்டிவிட்டான். இங்கே யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். மூக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

கன்சல்டிங் கம்பெனி முதலாளி வெங்கடகிருஷ்ணன் எடிசன் ஊரிலிருந்து ஒரு நாள் தானே வந்தார். சேனாபதியை டோனட் கடைக்கு அழைத்துப் போய், காபியை நெடுநேரம் கலக்கிக்கொண்டிருந்தார்.

"சேனாபதி, தப்பா எடுத்துக்காதீங்க. கிளையன்ட் மேனேஜர் கால் பண்ணாங்க. உங்க வொர்க் எக்ஸலன்ட்டாம். ஆனா உங்க மேல ஸ்மெல் வருதாம். பக்கத்துல உக்கார முடியலைன்னு ரெண்டு பேர் கம்ப்ளெயின்ட் பண்ணிருக்காங்க."

மற்றதையும் அவரே சொல்லி முடித்தார். சரியாகும் வரை கீழ்த்தளத்தில், பழைய டேப்புகள் அடுக்கி வைத்திருக்கும் அறையில் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். ஏப்ரலில் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போதும் இப்படியே இருந்தால் வேறு ஆளைக் கேட்பார்கள். அப்புறம் பெஞ்ச்தான், அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்கும் வரை சும்மா உட்கார வேண்டும். பெஞ்ச்சில் உட்கார்ந்தால் சம்பளம் கிடையாது, நாள் நீண்டால் விசாவும் நிற்காது. சேனாபதி சரிங்க, சரிங்க என்று தலையாட்டினான். அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குப் போனான்.

"காரு கண்ணாடிய எதுக்குடா எறக்குனீங்க? உண்மையச் சொல்லுங்க."

மணியன் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம்மதுதான் வாயைத் திறந்தான். "மாப்ள, சொன்னா வருத்தப்படுவேன்னுதான்டா. எங்களுக்குப் பழகிப்போச்சு. குளிருதான் இன்னும் பழகல."

இந்தக் குளிர்காலம் பூராவும் தனக்காக இரண்டு பேர் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். சேனாபதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இருமினான்.

அடுத்த மாதம் முழுக்க வீடே மருந்துக்கடையாகிவிட்டது. விதவிதமான குச்சிகள், உருளைகள், ஸ்ப்ரேக்கள். வாசனை நாற்றத்தின் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டதே தவிர அதை விரட்டவில்லை. கடைசியில் மருந்து எழுதிக் கொடுத்த உள்ளூர் டாக்டரும் கைவிரித்து, ஃபோர்ட் லீயில் டாக்டர் கிம் என்று ஒரு கொரியப் பெண்மணியிடம் அனுப்பினார். முகம்மது கூட வந்தான்.

டாக்டர் கிம் முகம் சுளிக்கவில்லை. உங்கள் காதுக் குறும்பி ஈரமாக இருக்குமா, வீட்டில் வேறு யாருக்கும் இப்படி உண்டா என்று கேட்டார். இரண்டுக்கும் ஆமாம். அப்பாவுக்கு உண்டு. இது அழுக்கில்லை, பிறவியிலேயே சுரப்பிகள் அப்படி, காதிலும் அதே வகைதான், எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் பையன்களும் பெண்களும் வந்து ஆபரேஷன் செய்துகொண்டு போவார்கள் என்றார். அதைக் கேட்டதும் பத்துப் பன்னிரண்டு வருஷத்துப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது சேனாபதிக்கு. பக்கத்தில் முகம்மது இரகசியமாகத் தன் காதில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்குள் மடிப்பில் சின்னதாக வெட்டி, தோலைப் புரட்டி, அடியில் இருக்கும் சுரப்பிகளைக் கத்தரித்து எடுத்துவிட்டுத் தைப்பார்களாம். தோல் மறுபடி சதையோடு ஒட்ட வேண்டும் என்பதால் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். கையை அசைத்தால் அடியில் இரத்தம் கட்டும், தோல் கருகும். தழும்பு இருக்கும், கொஞ்ச நாள் மரத்திருக்கும். நாற்றம் பெரும்பாலும் போய்விடும், முழுக்கப் போகும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றார் டாக்டர். "ரெண்டு வாரம் கையத் தூக்கவே கூடாதாம்டா" என்று முகம்மது கவலைப்பட்டான். அது தனக்குப் புதுசா என்று சேனாபதி சிரித்தான். இது அழகுக்குச் செய்வது, வியாதியில்லை என்று மெடிக்கல் இன்சூரன்ஸ் கைகழுவிவிட்டது. சேமிப்பை எடுத்துக் கட்டினான்.

ஆபரேஷன் முடிந்து, இரண்டு கைகளும் விலாவோடு கட்டப்பட்டு, கட்டிப்போட்ட பொட்டலம் மாதிரி வீட்டுக்கு வந்து சேர்ந்தான். வலி மூன்றாம் நாள் வரை உயிரை எடுத்தது. ஆனால் அவ்வளவு சிரித்த நாட்களும் அவனுக்கு அதற்கு முன் இல்லை. முகம்மது முட்டைக் குழம்பு வைத்து ஊட்டுவான். மணியன் பல் தேய்த்துவிடுவான், தலை வாரிவிடுவான், கோணல் வகிடு எடுத்துவிட்டு மாப்பிள்ளை ரெடி என்பான். ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டபோது ஒருவன் போனைக் காதில் பிடிக்க, இன்னொருவன் அவன் மூக்கைச் சொறிந்துவிட, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, பனியில் லேசாக வழுக்கி விழுந்துட்டேன் என்று பொய் சொன்னான்.

நான்காம் நாள் வெங்கடகிருஷ்ணன் போன் செய்தார். டெஸ்டிங் ஆரம்பித்துவிட்டார்களாம், ஆள் இல்லையாம். "தூக்க வேணாம் சேனாபதி. டைப் மட்டும் பண்ணுங்க."

ஐந்தாம் நாள் டேப் அறையில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, முழங்கைகளை விலாவில் ஒட்டிக்கொண்டு டைப் செய்தான். இடது பக்கம் தையல் விட்டது. டாக்டர் கிம் திட்டித் தீர்த்துவிட்டு மறுபடி தைத்தார். அந்தப் பக்கம் தோல் கருத்து, ஆற இன்னும் ஒரு மாதமானது.

கட்டுகள் எல்லாம் பிரித்த மறுநாள் முகம்மது அவனை அபார்ட்மென்ட் பக்கத்துக் குளத்தைச் சுற்றி ஓடவைத்தான். வியர்க்க வியர்க்க வந்தவனை நிறுத்தி, அக்குளுக்குக் கீழே மூக்கைக் கொண்டுபோய் வைத்தான்.

"ஒண்ணுமில்லடா. மனுஷ வேர்வதான்."

மணியனும் வந்து சோதித்து ஒப்புக்கொண்டான். அன்றைக்கு பிரியாணி. மறுநாள் முதல் காரின் கண்ணாடிகளை ஏற்றி மூடிவிட்டார்கள், அதற்குள் வெளியே வெயில் வந்து காற்று இதமாகிவிட்டது. ஏப்ரலில் கான்ட்ராக்ட் புதுப்பித்தார்கள். சேனாபதியை மேலே பழைய சீட்டுக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். புகார் சொன்னவர்கள் யார் என்று அவன் கேட்கவில்லை, எல்லோருக்கும் குட் மார்னிங் சொன்னான். லிஃப்டில் நாலு பேர் ஏறினாலும் இறங்காமல் நின்றான், அதுவே பெரிய சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மூவரும் ஆபீஸிலேயே இருந்தார்கள். வருஷம் பிறந்தது, எந்தப் புரோகிராமும் தடுமாறவில்லை. மேனேஜர் கேக் வெட்டினார்.

ஜனவரி இரண்டாவது வெள்ளிக்கிழமை மத்தியானம் கான்ட்ராக்ட் ஆட்களை மட்டும் பெரிய அறைக்குக் கூப்பிட்டார்கள். வேலை எதிர்பார்த்ததைவிட நன்றாக முடிந்துவிட்டது, மிகவும் நன்றி, இன்றோடு போதும் என்றார் மேனேஜர். மேஜைகளில் இருந்த சாமான்களை அதற்குள் யாரோ அட்டைப் பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார்கள். வாசலில் காவலாளி ஒவ்வொருவரிடமும் பேட்ஜை வாங்கிக்கொண்டு, ஃப்ளாப்பி எதையாவது எடுத்துப் போகிறார்களா என்று உடம்பைத் தடவிப் பார்த்து அனுப்பினார். முன்னால் போன மணியன் கையைப் பாதி தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். முகம்மது தரையைப் பார்த்தான்.

சேனாபதியின் முறை வந்தது. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே, நன்றாக நீட்டித் தூக்கினான். இடது பக்கத் தழும்பு இழுத்தது. காவலாளி கிட்டே குனிந்து, அக்குளிலிருந்து இடுப்பு வரை தடவிப் பார்த்தார், முகம் மாறவில்லை. போகலாம் என்றார். சேனாபதி இன்னும் கொஞ்ச நேரம் கைகளைத் தூக்கியபடியே, சிரித்துக்கொண்டு நின்றிருந்தான்.