தலை எடுக்கட்டும்

தலை தண்ணீருக்குள் இருந்தது, நீளக் கழுத்தும் பாதிக்கு மேல் உள்ளேதான், மேய்ச்சல் நாற்பத்தொன்று என்று தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன், இல்லை, சொல்லிக்கொண்டே இருக்கிறேன், வீட்டில் துணிக்கூடைக்குப் பக்கத்தில் குத்தவைத்து ஓர் ஊசிவால் வாத்தின் கழுத்தை இரண்டு விரலால் தாங்கியிருக்கும் இந்த நிமிடத்திலும் அந்த நாற்பத்தொன்று வாயில் வந்துகொண்டேயிருக்கிறது, பாழாய்ப்போன எண். ஞாயிற்றுக்கிழமைக் குளத்துப் பறவைக் கணக்கெடுப்பில் எங்களுக்கு ஒரு வழக்கம், ஒருவன் பார்த்துச் சொல்ல வேண்டும், மற்றவன் குனிந்த தலை நிமிராமல் எழுத வேண்டும், திருப்பிக் கேட்டால் எண்ணிக்கை தப்பிவிடும், பதினோரு வருஷமாக நான் பார்க்கிறவன், கூட்டாளி ஜெபமணி எழுதுகிறவன், அன்றைக்கு என்னவோ அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டான், நெசமாலுமே மேயுதாப்பா, அந்த ஓரத்துல ஒம்பது அசையவே காணோமே, எனக்குச் சுர்ரென்று ஏறியது, வாத்து தலையத் தண்ணிக்குள்ள உட்டா மேயுதுன்னு அர்த்தம், எழுதுடா பேசாம, அவன் எழுதினான். ஒரே இடத்தில் அத்தனை ஊசிவாலைப் பார்த்த கிறுக்கு எனக்கு, கண் இருந்தும் குருடு.

அப்புறம் மீன் பிடிக்கிற ஆறுச்சாமி பரிசலைக் கரையில் ஒதுக்கினார், ஏனுங், அதுக மேயலைங், கழுத்து நிக்க மாட்டேங்குதுங், மூணு நாளா இப்படித்தானுங், தலை உள்ளார உழுந்துதுன்னா எடுக்க முடியாம மூழ்கியே செத்துப்போகுதுங். மேய்கிற வாத்துக்கு வால் செங்குத்தாக மேலே நிற்கும், கத்துக்குட்டிக்கும் தெரியும், அந்த ஒன்பதுக்கும் வால் படுத்துக் கிடந்தது, நான் எழுதச் சொன்னேன், மேய்ச்சல் என்று. பரிசலில் போனபோது எட்டு செத்திருந்தன, ஒன்றுக்கு மூச்சு இருந்தது, மடியில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன், அவர் குழாய் வழியாக நல்ல தண்ணீர் இறக்கினார், சாக்கடை கலந்து அழுகுன தண்ணியில உண்டாகுற விஷம் சார், ரெண்டு நாள் தலை தொங்காமப் பாத்துக்கங்க, அப்புறம் அதோட ஆயுசு. ரெண்டு நாள், இன்று இரண்டாம் நாள் மத்தியானம், பிழைத்துவிடு தாயே, என் வாய்க்கொழுப்புக்கு நீ சாகாதே, கண் சொக்குகிறது, முதல் வருஷத்துக் குளத்தில் அடிப்பாசி தெரிகிறது, முதல் ஊசிவாலைப் பார்த்து நானும் ஜெபமணியும் கட்டிக்கொண்டு குதிக்கிறோம், மதகில் ஆள் உயரத்துக்கு நுரை, அதற்குள் போய் இறங்குகின்றன, எத்தனையோ மலை தாண்டி வந்த பறவைகள், வராதீங்க என்று கத்தப் பார்க்கிறேன், மேய்ச்சல், மேய்ச்சல் என்றுதான் வாயில் வருகிறது, ஒவ்வொன்றாகத் தலை குனிகிறது, என் கழுத்தும் நிற்க மாட்டேன் என்கிறது, விரலில் சுரீரென்று ஒரு கொத்து, விழித்தேன், கூடைக்குள் அது நிமிர்ந்த தலையோடு என்னை முறைத்துக்கொண்டிருக்கிறது, கொத்து, நல்லாக் கொத்து, அழுதுவிட்டேன்.

நான்கு நாள் கழித்து மலையடிவாரத்துக் குளத்தில் விட்டோம், சாக்கடை இன்னும் எட்டாத தண்ணீர், எத்தனை நாளைக்கோ. அது நீந்திப் போனது, நடுக்குளத்தில் நின்றது, நான் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன், ஜெபமணி வழக்கம்போலக் குனிந்து பென்சிலோடு உட்கார்ந்தான், அது கழுத்தை வளைத்தது, தலை தண்ணீருக்குள் போனது, வால் மேலே நிற்கிறது, செங்குத்தாகத்தான் நிற்கிறது, ஆனாலும் மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணுகிறேன், என்னப்பா, மேய்ச்சல்னு எழுதட்டுமா என்கிறான் ஜெபமணி, இரு, நீயும் நிமிர்ந்து பாரு, அது தலை எடுக்கட்டும்.