ஒரே விலாசத்தில் இரண்டு வீடு

பிச்சைக்கண்ணுவுக்குக் கெடுதல் செய்தவர்களில் முதல் ஆள் லேஅவுட் இன்ஜினியர் ஞானதிரவியம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கெர்னல் காலனியில் யார் வீடு எந்த மெமரி விலாசத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறவன் அவன்தான். மெஷினை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் வீடுகளைக் கலைத்து இடம் மாற்றி வைப்பான். திருடன் பழைய விலாசத்தோடு வந்து ஏமாந்து போக வேண்டுமாம். நல்ல ஏற்பாடு. திருடனைத் தவிர எல்லாரும் ஏமாந்தார்கள்.

போன முறை கலைத்ததில் பிச்சைக்கண்ணுவின் அடுப்படியும் பிரிண்டர்காரர் கோமதிநாயகத்தின் பின்னறையும் ஒரே விலாசத்தில் விழுந்தன. அப்படி விழுந்தால் கடைசியாக வந்ததுதான் நிற்கும். காலனிச் சட்டம் அது. அடுப்படியில் நின்ற அவர் மனைவி இசக்கியம்மாளுக்குக் கழுத்துக்கு மேலே கோமதிநாயகத்தின் மச்சான் வந்துவிட்டான். மீசையோடு.

பிச்சைக்கண்ணு இன்ஜினியரின் ஆபீசுக்குப் போனார்.

"என் பெஞ்சாதி மூஞ்சியத் திருப்பிக் குடு. அப்படியே ஒரு மன்னிப்பும் கேளு."

"சமையல் எப்படி இருக்கு, அண்ணாச்சி?"

"அதுல கொறையில்ல."

"அப்ப இது அவசரமா சரிபண்ண வேண்டிய பக் இல்லையே."

"சுருட்டு அவன் குடிக்கான். இருமுறது இவ நெஞ்சு. ஏற்கெனவே இழுப்புக்காரி. இன்னும் எத்தன நாள் தாங்குவா?"

"சுருட்டா? அப்ப அவசரந்தான்."

ஞானதிரவியம் சரிசெய்தான். வீட்டுக்கு வீடு நடுவில் ஒரு காலி மனை. அதில் யாராவது கால் வைத்தால் மெஷினே நின்றுவிடும் என்பதால் யாரும் வைக்க மாட்டார்கள். இந்த முறை கலைக்காமல், மனைக்கு இடம் வேண்டி எல்லார் வீட்டையும் கிழக்கே தள்ளினான். கிழக்குக் கோடியில் இருந்த தன் வீட்டை மட்டும் தள்ளவில்லை. அதில்தான் கோளாறே இல்லையே. அதற்கு முந்தின வீடு பிச்சைக்கண்ணுவுடையது.

மெஷினை அணைத்துப் போட்டார்கள். எல்லாரும் டிஸ்கிலிருந்து புதிதாக எழுதப்பட்டார்கள். இசக்கியம்மாள் சொந்த முகத்தோடு அடுப்பைப் பற்றவைத்தாள். பிச்சைக்கண்ணு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினியர் எப்போதும் கடைசியில்தான் வருவான், பெரிய மனுஷன். வந்தான். அவள் கழுத்துக்கு மேலே.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சட்னியை ருசி பார்த்தான்.

"உப்பு சரியா இருக்கு, அண்ணாச்சி."

"சுருட்டுப் பழக்கம் உண்டா?"

"சேச்சே."

"மன்னிப்பு?"

"அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கிடலாம்."

பிச்சைக்கண்ணு தட்டை நீட்டினார். தோசை விழுந்தது. இரண்டாவது தோசை விழும்போதும் "மன்னிப்பு?" என்று கேட்டுப் பார்த்தார். சட்னிதான் வந்தது.