கட்டியவனே அவிழ்க்க வேண்டும்

காஸ் நோவிக்கி பத்தாவது அவென்யூவை சிவப்பு விளக்கு எரியும்போதே கடந்தார். ஒரு மஞ்சள் டாக்ஸி அவர் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. டிரைவர் கண்ணாடியை இறக்கி அவருடைய வயதைப் பற்றி ஏதோ சொன்னான். எழுபத்திரண்டு. காஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கையில் நான்காக மடித்த ஒரு தாள். தாளில் முட்டைக் கறை.

சனிக்கிழமை, மணி எட்டு ஐம்பத்திரண்டு. ஒன்பதுக்கு ரம்பம் எடுப்பார்கள்.

அந்தத் தாள் மூன்று வாரம் முன்பே தபாலில் வந்துவிட்டது. மார்ச் மாதத்தில், பழைய ரயில் பாலத்தின் மேல் அமைத்த பூங்காவில், காய்ந்த செடிகளை எல்லாம் அரையடி உயரத்துக்கு வெட்டித் தள்ளுவார்கள். அதற்கு வாலண்டியராகப் பெயர் கொடுத்தவர்களுக்கான விதிமுறைகள். செடி வெட்ட விதிமுறை படிக்க வேண்டுமா என்று காஸ் அதைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் போட்டுவைத்திருந்தார். இன்று காலை உணவகத்தில், முட்டைக்கும் ரொட்டிக்கும் நடுவே, படிக்க வேறொன்றும் இல்லாததால் பிரித்தார்.

நான்காவது வரி: ‘ஆரஞ்சு நாடா கட்டியிருந்தால் தொடக் கூடாது. நீல நாடா கட்டியிருந்தால் வேரோடு எடுத்துவிட வேண்டும்.’

நேற்று மாலை பூங்காவின் ஒரு பேரிமரத்தில் நீலத் துணியைக் கட்டியது காஸேதான். யாரும் அதைத் தொடக் கூடாது என்பதற்காக.

காஸைப்போல் ரயிலில் வேலை பார்த்தவனுக்கு நீலம் என்றால் ஒரே அர்த்தம்தான். வண்டிக்கு அடியில் ஆள் இருக்கிறான், நகர்த்தாதே. அடியில் போகிறவன் தன் நீலக் கொடியைத் தானே கட்டிவிட்டுப் போவான். வெளியே வந்து தானே அவிழ்ப்பான். வேறு ஒருவன் அதைத் தொட்டால், அது மேலதிகாரியாகவே இருந்தாலும், அன்று யார்டில் அடிதடி நடக்கும். கொடிகள் அடிக்கடி காணாமல் போகும் என்பதால் ஆளுக்கொரு அடையாளம் வைத்திருந்தார்கள். காஸ் தன் கொடியின் மூலையில் சிகரெட்டால் ஓர் ஓட்டை போட்டிருந்தார்.

இரும்புப் படிகளில் பாதி ஏறியதும் மூச்சு விசில் அடித்தது. உச்சியில் சங்கிலி. சங்கிலிக்குப் பின்னால் காவலர் டெல்ராய், கையில் காப்பி.

“இந்தப் பக்கம் இன்னிக்கு மூடியிருக்கு, பெரியவரே. தெற்கால போய் நடங்க.”

“நான் வாலண்டியர்.”

“அட்டை?”

“வீட்ல.”

“வாலண்டியருக்கு பச்சை பனியன் குடுத்திருக்காங்க. நீங்க கழுத்துல ஓட்டல் துண்டைச் சொருகிட்டு வந்திருக்கீங்க.”

காஸ் துண்டை உருவிப் பைக்குள் திணித்தார். வாதாட நேரம் இல்லை. வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னார். “என் மனைவியோட அஸ்தி அங்க ஒரு மரத்தடியில இருக்கு. அந்த மரத்தை வெட்டப் போறாங்க.”

டெல்ராய் காப்பியை ஒரு வாய் குடித்தார். “போன வாரம்தானே அந்தம்மாவும் நீங்களும் இதே பெஞ்சுல உக்காந்து சண்டை போட்டீங்க?”

“அது இன்னொரு மனைவி.”

டெல்ராய் சிரித்தபடியே சங்கிலியைக் கழற்றினார். “ரெண்டு பேருக்கும் நான் கேட்டதா சொல்லுங்க. ஓடாதீங்க, தரை ஈரம்.”

காஸ் ஓடினார். இரவு பெய்த மழையில் நடைபாதைப் பலகைகள் வழுக்கின. இரண்டு பக்கமும் வைக்கோல் நிறத்தில் ஆளுயரப் புல். அதற்குள்ளே பழைய தண்டவாளம், துரு ஏறி, எங்கும் போகாமல் கிடந்தது. பச்சை பனியன்காரர்கள் முட்டி போட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். கத்தரிக்கோல் சத்தம் நூறு முடிதிருத்தும் கடைகளைச் சேர்த்துவைத்ததுபோல் கேட்டது.

மரம் இரண்டு தெரு தள்ளி, செங்கல் கிடங்கு ஒன்றின் சுவரோரம். மரம் என்று சொன்னால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆளைவிடக் கொஞ்சம் உயரம், மணிக்கட்டைவிடக் கொஞ்சம் தடிமன். ஆனால் அது கார்மைனுடைய மரம்.

கார்மைன் ஆல்டோபெல்லியும் காஸும் இந்தப் பாலத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். இறைச்சியும் பழமும் வரும் வண்டிகளுக்கு அடியில் படுத்துப் பழுது பார்ப்பது வேலை. மதியம் அந்தக் கிடங்குச் சுவரில் சாய்ந்துதான் சாப்பாடு. கார்மைன் தினமும் இரண்டு பேரிக்காய் தின்பார். மிஞ்சிய விதைப்பகுதியை எப்போதும் ஒரே கம்பத்தைக் குறிபார்த்து எறிவார். ரயில் நின்று பல வருடம் கழித்து, அந்தக் கம்பத்தடி ஜல்லியில் ஒரு பேரிக்கன்று நின்றது. பூங்கா கட்டியபோது பாலத்தை மொத்தமாக வழித்தெடுத்தார்கள். கார்மைன் பூங்கா அலுவலகத்துக்கு நாள் தவறாமல் போன் போட்டார். தொல்லை தாங்காமல் அதைத் தொட்டியில் எடுத்துவைத்து, அதே இடத்தில் திரும்ப நட்டார்கள். பூங்காவின் வரைபடத்தில் அது இல்லை. பெயர்ப்பலகையும் இல்லை.

சனிக்கிழமை தவறாமல் காலை ஒன்பதரைக்குக் கார்மைன் லிஃப்டில் மேலே வந்து அதற்கு எதிரே உட்காருவார். இந்தக் குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரி. நுரையீரல். முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்தார்.

“சனிக்கிழமை மரத்தைப் பார்க்கணும்டா” என்றார் போனில். “அது இருக்கில்ல?”

“இருக்குடா. எங்க போயிடப் போவுது.”

அந்த வார்த்தை இப்போது காஸின் நெஞ்சில் இடித்துக்கொண்டே ஓடியது.

வளைவைத் தாண்டியதும் பார்த்தார். மரத்தடியில் நெரெய்டா. பூங்காவின் இந்தப் பகுதிக்கு அவள்தான் தோட்டக்காரி. கீழே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள், நாற்பது வயது இருக்கும். ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, மடக்கு ரம்பத்தை அடித்தண்டில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

கத்த நினைத்தார். மூச்சு போதவில்லை. தாளை நீட்டியபடி போய் அவள் தோளில் விழாத குறையாக நின்றார்.

“நிறுத்தும்மா. தப்பு. என் தப்பு.”

ரம்பம் நின்றது. ஒரு விரற்கடை ஆழம் போயிருந்தது. வெள்ளைத் தூள் ஈர மண்ணில் சிதறிக் கிடந்தது.

“மிஸ்டர் நோவிக்கி, முதல்ல உக்காருங்க. முகமெல்லாம் பீட்ரூட் மாதிரி இருக்கு.”

“நீலம்னா தொடாதேன்னு அர்த்தம். ரயில்ல. நேத்து நான்தான் கட்டினேன்.”

நெரெய்டா துணியைப் பார்த்தாள். ரம்பத்தைப் பார்த்தாள். “இந்த மரம் லிஸ்ட்ல இல்லையேன்னு ரெண்டு தடவை பார்த்தேன். அப்புறம், மேல இருந்து யாரோ சொல்லியிருப்பாங்க, நாடா தீர்ந்துபோய் கந்தலைக் கட்டிட்டாங்கன்னு நெனச்சேன். கட்டறவர் தாளைப் படிச்சிருக்கக் கூடாதா?”

“முட்டை சாப்பிடறப்பதான் படிச்சேன்.”

“நல்லவேளை, காலைல பட்டினி கிடக்கல நீங்க.” அவள் வெட்டை விரலால் தடவினாள். “பொழச்சுக்கும். இந்த வருஷம் கொஞ்சம் கோவமா இருக்கும், பூ குறையும். அவ்வளவுதான். சரி, அந்தக் கந்தலை அவிழ்த்துடறேன். இல்லேன்னா அடுத்து வர்றவன் வந்து மிச்சத்தை அறுப்பான்.”

கை நீட்டியவள் தானே நிறுத்திக்கொண்டாள். “இருங்க. கட்டினவங்கதான் அவிழ்க்கணும். கார்மைன் சொல்லியிருக்கார். ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வார்.”

“எல்லார்கிட்டயும் சொல்வான்” என்றார் காஸ்.

சொல்லாமல் எப்படி இருப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு அக்டோபரில், யார்டில் ஒரு குளிர்பதன வண்டிக்கு அடியில் கார்மைன் படுத்திருந்தபோது வண்டி நகர்ந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. விசாரணைக்கு மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். வண்டி முனையில் கொடி இல்லை என்று இஞ்சின்காரர் சொன்னார். நீங்கள் பார்த்தீர்களா என்று காஸிடம் கேட்டார்கள். பார்க்கவில்லை என்றார் காஸ். அப்படியானால் கட்ட மறந்திருக்கிறீர்கள் என்று கார்மைனிடம் சொன்னார்கள். கார்மைன் இரண்டு நாள் இல்லவே இல்லை என்றார். மூன்றாம் நாள், மறந்திருக்கலாம் என்றார். அதன்பிறகு அவரே நம்பத் தொடங்கினார்.

காலைப் பற்றிக் கார்மைன் அதிகம் புலம்பியதில்லை. போனது வேறு. அடுப்பை அணைத்துவிட்டு மூன்று முறை திரும்ப வந்து பார்ப்பார். கைபிரேக் போட்டேனா என்ற சந்தேகம் தாங்காமல் காரை விற்றார். தன் மகள் லூச்சியா கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தனியாகத் தூக்கிக்கொண்டு ஒரு நாள்கூடப் படி இறங்கவில்லை. எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துவிடுவேன் என்பார். கேட்கிறவர்களிடம் வேடிக்கையாகவே சொல்வார். “ஒரு கந்தலைக் கட்ட மறந்தேன், ஒரு காலைக் கொடுத்தேன்.” எல்லோரும் சிரிப்பார்கள். காஸும் சிரிப்பார், மற்றவர்களுக்குக் கொஞ்சம் பின்னால்.

காஸ் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது பதினெட்டு. மரத்தின் முன் மண்டியிட்டு முடிச்சில் கைவைத்தார். மழையில் ஊறிச் சுருங்கி, முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகம் உள்ளே போகவில்லை.

“கத்தரி தரட்டுமா?”

“வேண்டாம். இதை வெட்டக் கூடாது.”

“கந்தல்தானே?”

காஸ் முடிச்சின் மேல் குனிந்தார். பல்லால் இழுத்துப் பார்த்தார். பெட்டிக்குள் வருடக்கணக்காக மடித்துவைத்த துணியின் எண்ணெய் வாசனை இன்னும் இருந்தது. இதை ஏன் கட்டினோம்? வீட்டில் வேறு நீலத் துணியா இல்லை? மனைவியின் பழைய பாவாடை இருந்தது, சமையலறைத் துண்டு இருந்தது. நேற்று அத்தனையையும் எடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கருவிப்பெட்டியின் அடியில் கைவிட்டு இதைத்தான் எடுத்தார். மரத்தைக் காப்பாற்ற மட்டும்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தார். காலையில் கார்மைன் வருவதற்குள் அவிழ்த்துவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டார். அதைத்தான் அவர் அவ்வளவாக நம்பவில்லை.

முடிச்சு அசையவில்லை. தூரத்தில் லிஃப்ட் கதவு திறக்கும் மணி கேட்டது.

“சீக்கிரமே வந்துட்டார்” என்றாள் நெரெய்டா, சந்தோஷமாக.

பலகைமேல் ஒரு ஷூ சத்தம், ஒரு ஊன்றுகோல் சத்தம், மாறி மாறி. கார்மைன் பாதியாக இளைத்திருந்தார். தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. கோட்டுப் பையில் ஏதோ புடைத்திருந்தது. பேரிக்காயாகத்தான் இருக்கும்.

“நெரெய்டா, என் மரத்துக்கு முன்னாடி இந்தப் போலந்துக்காரன் என்ன பண்றான்? ஞாயித்துக்கிழமை சர்ச்சுலகூட இவன் மண்டி போட்டு நான் பார்த்ததில்ல.”

“உங்க மரத்தைக் காப்பாத்தினார். அதுக்கு முன்னாடி கொல்லப் பார்த்தார். விவரமா அவரே சொல்வார்.” அவள் ரம்பத்தை மடக்கிக்கொண்டு, வெட்டுக்குப் பூசும் மருந்தை எடுத்துவர நகர்ந்தாள்.

கார்மைன் பக்கத்தில் வந்து குனிந்தார். “கொடி கட்டியிருக்கே.”

“ஆமா.”

“புல்லோட சேர்த்து இதையும் ஒட்ட நறுக்கிடுவாங்கன்னு?”

“ஆமா.”

கார்மைன் ஊன்றுகோலை மறு கைக்கு மாற்றினார். பிறகு காஸின் தோளில் கைவைத்தார். “உனக்காவது ஞாபகம் இருந்ததே. நானா இருந்தா மறந்திருப்பேன்.”

காஸின் உள்ளங்கை துணியின் ஒரு மூலையை மூடியிருந்தது. அந்தக் கையை அப்படியே வைத்துக்கொள்ளலாம். முடிச்சு எப்படியும் சாயங்காலத்துக்குள் காய்ந்து இளகும். இருட்டியபிறகு வந்து அவிழ்க்கலாம். திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிடலாம். நாற்பத்தாறு வருடம் முடிந்த காரியம் இன்னும் சில வருடம் முடியாதா என்ன.

“தள்ளு, கிழவா. உன் விரலுக்கு வராது. ஆஸ்பத்திரியில அஞ்சு மாசம் பந்தை அமுக்கச் சொல்லி என் கையை இரும்பாக்கி வெச்சிருக்காங்க. ஆனா நீ கட்டினது. நான் தொட்டா உதைப்பியா?”

“உதைக்க மாட்டேன்” என்றார் காஸ். “கட்டினதுதான் நான்.”

கையை எடுத்தார்.

மூலையில் ஓட்டை இல்லை. நிறம் வெளுத்த சிவப்பு நூலில், கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த இரண்டு எழுத்துகள் இருந்தன. தன் பிள்ளையின் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாத ஓர் அம்மா, யார்டில் அவன் கொடி திருடு போகாமலிருக்கத் தைத்துக் கொடுத்த முதலெழுத்துகள்.

கார்மைன் அதன்மேல் கட்டைவிரலை வைத்தார். விரல் அந்த எழுத்துகளின் மேலேயே நின்றது.

“அன்னிக்கு என் கொடியைக் காலையிலேயே கழட்டிட்டேன்” என்றார் காஸ். மண்டியிட்ட இடத்திலிருந்து எழவில்லை. “அது ஞாபகமில்லாம, வண்டி முனையில ஒண்ணு தொங்கறதைப் பார்த்து, என்னோடதுன்னு எடுத்துட்டுப் போயிட்டேன். சாயங்காலம் பெட்டியைத் திறந்தா உள்ள ரெண்டு கொடி இருந்துச்சு. விசாரணை அதுக்குப் பல வாரம் கழிச்சுதான். மறந்தது நான்டா, கார்மைன். நீ கட்டியிருந்தே.”