பதினெட்டாவது கதவு

சவீனோ சவரம் செய்துகொள்ளப் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். வீட்டிலேயே கத்தி இருந்தது, சோப்பு இருந்தது, கண்ணாடிகூட இருந்தது. ஆனால் கல்யாணப் பேச்சை எடுக்கப் போகிறவன் தன் கையாலேயே முகத்தை மழித்துக்கொண்டு போவதா என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் ஒருவனுக்கு இப்படியெல்லாம் தோன்றக் கூடாது. தோன்றிவிட்டால் யார் தடுப்பது?

வுல்த்துரே மலைக்குக் கீழே சமவெளியில் தக்காளி போடுகிறவன் அவன். மேலே ரொக்காசெல்வா என்ற மலையூரில் திராட்சை போடுகிறவள் லொரேத்தா. சனிக்கிழமைச் சந்தையில் ஆரம்பித்த பழக்கம், இரண்டு வருஷமாக நடக்கிறது. யாருக்கும் தெரியாது என்று இருவரும் மனதார நம்பிக்கொண்டிருந்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பத்து நாளா மூக்கு அடைச்சுக் கெடக்கு சவீனோ. வெங்காயத்த நசுக்கி மூஞ்சிக்கு நேரா வெச்சாலும் ஒண்ணும் தெரியல. நாளைக்கு நான் கதவத் தெறக்கணும்."

"தெற. என்ன இப்போ?"

"என்ன இப்போவா? மூக்கு அடைக்கறதுக்கு முந்தின நாள் பீப்பாய்ல லேசா புளிச்ச காடி வாடை அடிச்ச மாதிரி இருந்துச்சுய்யா. அடிச்சுதா, என் பயம் அடிச்சுதான்னு தெரியல. அதுக்குள்ள மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு."

"பக்கத்துல யாரையாச்சும் குடிச்சுப் பாக்கச் சொல்லேன்."

"இந்தத் தெருவுலயா! ஒருத்தர் காதுல போட்டா மத்தியானத்துக்குள்ள மாதா கோயில் மணி வரைக்கும் ஏறிடும். நீ கீழ் ஊர்க்காரன். உனக்குப் பொய் சொல்ல வராது. எட்டரைக்கு வா. மத்தவங்க கதவத் தெறக்கறதுக்கு முன்னாடி. தனியா வா. நாக்கச் சுத்தமா வெச்சுக்கிட்டு வா."

"நம்ம கல்யாண விஷயம்..."

"மொதல்ல பீப்பாய். அப்புறம் நீ."

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. ரொக்காசெல்வாவில் ஒயின் இருப்பது பாறையைக் குடைந்த குகைகளில். போன வருஷத்துத் திராட்சை ஒரு வருஷம் பீப்பாயில் கிடந்து, நவம்பர் பதினொன்று, புனித மார்ட்டின் நாளன்றுதான் முதல்முதலாக ஊருக்கு ஊற்றப்படும். மத்தியான மணி அடிக்கும்போது எல்லாக் குகைக் கதவும் திறந்திருக்க வேண்டும். மூடிக் கிடக்கிற கதவுக்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே இருப்பது கெட்டுப்போயிற்று. அதைவிட மோசம், திறந்துவைத்துக் காடியை ஊற்றுவது. அந்தப் பெயர் மூன்று தலைமுறைக்கு நிற்கும். லொரேத்தாவின் அப்பா இறந்தபின் அவள் தன்னந்தனியாகப் போட்ட முதல் ஒயின் இது. குகையை விற்றுவிடு, ஒண்டிப் பெண்ணால் ஆகாது என்று சொல்லாத வாய் தெருவில் இல்லை.

இப்படிப்பட்ட நாளில்தான் நம் ஆள் சலூனுக்குப் போனான். அங்கே ஏற்கெனவே நான்கு பேர். வேலை நாளில் சவரம் எதற்கு என்று நான்கு பேரும் கேட்டார்கள். இருக்கிற மீசையை வைக்கலாமா எடுக்கலாமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. இரண்டுக்கு இரண்டு ஆனதும் தெருவில் போனவரை உள்ளே கூப்பிட்டு மறுபடி நடத்தினார்கள். மீசை போயிற்று. மணியும் போயிற்று.

அவன் ரொக்காசெல்வாவின் கோட்டை வாசலில் வண்டியை நிறுத்தியபோது பத்தேகால். அங்கிருந்து மேலே ஒரே ஒரு படிக்கட்டுச் சந்துதான். இடது பக்கம் பாறையும் குகைகளும், வலது பக்கம் பள்ளத்தாக்கு. யாரோ எதிரிக்குப் பயந்து அப்படிக் கட்டினார்கள். எதிரி எண்ணூறு வருஷத்துக்கு முன்பே வேறு வேலை பார்க்கப் போய்விட்டான், சந்து அப்படியே இருக்கிறது. லொரேத்தாவின் குகை பதினெட்டாவது. மீதிப் பதினேழு கதவும் விரியத் திறந்திருந்தன.

சவீனோ இன்னொரு முறை எண்ணிப் பார்த்தான். புனித மார்ட்டின் நாளன்று திறந்த கதவைக் குடிக்காமல் தாண்டக் கூடாது. தாண்டினால், உன் ஒயின் காடி என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். ஒரு முறை கோயில்காரர் மணியடிக்க அவசரமாக ஓடியபோது ஏழாம் கதவைத் தாண்டிப் போய்விட்டார். அந்த வீட்டார் பதினாலு வருஷம் பூசைக்கு வரவில்லை.

முதல் கதவில் ஜெர்வாசியோ நின்றிருந்தார். கதவை விட அகலமான மனிதர்.

"வாங்க மாப்ளே!"

"மாப்ளேயா? யாருக்கு?" என்றான் சவீனோ திடுக்கிட்டு.

"எவனாச்சும் மீசையெடுத்துட்டுச் சும்மா மலையேறுவானா? குடிங்க."

"அண்ணே, மருந்து சாப்பிடறேன். டாக்டர் கூடாதுன்னுட்டார்."

"எந்த டாக்டர்?"

சவீனோ வாயில் வந்த பெயரைச் சொன்னான். ஜெர்வாசியோ உள்ளே திரும்பிப் பார்த்தார். அந்த டாக்டரே ஒரு கையில் கோப்பையும் ஒரு கையில் தொத்திறைச்சியுமாக எட்டிப் பார்த்து, "நான் அப்படியா சொன்னேன்?" என்றார். சவீனோ குடித்தான்.

இரண்டாம் கதவில் அரைக் கோப்பை போதும் என்றான். அரையாக எந்த வேலையும் இந்த வீட்டில் செய்வதில்லை என்றார்கள். மூன்றாம் கதவில் வீட்டுக்காரர் பாலாடைக்கட்டி எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, கோப்பையை அப்படியே ரோஸ்மேரித் தொட்டியில் கவிழ்த்தான். தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டே நான்காம் கதவுக்கு வந்தான். அங்கே அஸ்சூந்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஆறு பிள்ளை பெற்றவள். அவள் கண்ணுக்குத் தப்பி அந்தச் சந்தில் பூனைகூடக் குட்டி போட்டதில்லை.

"ரெண்டு கிளாஸ் ஊத்தியிருக்கேன் தம்பி," என்றாள். "ஒண்ணு ஒனக்கு. ஒண்ணு நீ செடிக்கு ஊத்துனதுக்கு. மடமடன்னு உள்ள தள்ளு. வெளிய சொல்ல மாட்டேன்."

அந்த ஊரில் ஒருத்தி வெளியே சொல்லாமல் இருப்பதற்கு ஒரு கோப்பை மலிவான விலை. சவீனோ தள்ளினான்.

அந்த மலையில் விளைகிற அக்லியானிக்கோ திராட்சை லேசுப்பட்ட ஜாதி இல்லை. கறுப்பு, முரட்டுத்தனம், எரிமலைச் சாம்பலில் வளர்ந்த கொழுப்பு. ஆறாம் கதவில் சவீனோவின் காது சூடாயிற்று. எட்டாம் கதவில் பள்ளத்தாக்கு ரொம்ப அழகாக இருப்பதைக் கவனித்தான். ஒன்பதாம் கதவில் அந்த அழகைப் பற்றி ஒரு சிறு உரை நிகழ்த்தினான். பொரித்த மிளகாய் கொடுத்தார்கள், கொண்டைக்கடலையும் நூடுல்ஸும் ஒரு தட்டு கொடுத்தார்கள், சாப்பிட்டான். எதற்காக வந்தோம் என்பது மட்டும் நினைவில் இருந்தது. நாக்கு, நாக்கு, நாக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பத்தாம் கதவில் அதை உரக்கச் சொல்லிவிட்டான்.

"எதுக்கு மாப்ளே நாக்கு சுத்தமா இருக்கணும்?" பன்னிரண்டு பேர் அதற்குள் அவன் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் போனால் வேடிக்கையும் கிடைக்கும், ஒயினும் கிடைக்கும்.

"சொல்ல மாட்டேன்," என்றான் சவீனோ கம்பீரமாக. "லொரேத்தாவுக்கு மூக்கு அடைச்சிருக்கறத நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

சந்து முழுக்கத் தலைகள் அவன் பக்கம் திரும்பின. அப்புறம் ஒரே கூச்சல்.

"அடப்பாவி, அப்போ அவ ஒயின் எப்படி இருக்குன்னு அவளுக்கே தெரியாதா?"

"கெட்டுப் போச்சா?"

"அதான் கதவு மூடியிருக்கு!"

"யாரும் வரக் கூடாது!" என்று சவீனோ கையை விரித்து வழியை மறித்தான். சந்து மூன்று முழ அகலம்தான், ஆனாலும் அவனால் மறிக்க முடியவில்லை. "தனியா வரச் சொன்னா! நான் தனியாத்தான் போறேன்!"

"நீ தனியாவே போ மாப்ளே. நாங்க கூட வர்றோம்," என்றார் ஜெர்வாசியோ. கீழ்க் கதவுகளில் இருந்தவர்களும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். யாரோ கைத்துருத்தி வாத்தியத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார்கள்.

செய்துவிட்ட காரியம் சவீனோவுக்குப் பதிமூன்றாம் கதவில் உறைத்தது. அழுதான். அவளை எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லி அழுதான். சந்தையில் அவள் அவன் தக்காளியை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, இதில் உப்பே போட வேண்டாம் போல என்று சொன்ன நாளைப் பற்றிச் சொன்னான். அதைக் கேட்டு அஸ்சூந்தாவும் அழுதாள். பதினாலு, பதினைந்து, பதினாறு, மூன்று கதவும் கண்ணீரோடு போயின. சிரிப்பும் நடுநடுவே வந்தது. எதற்கு வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

பதினேழாம் கதவு எஜீதியோவுடையது. எழுபது வயது, எலும்பும் தோலும். அடுத்தவர் ஒயினைப் பாராட்டி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை. சவீனோ அவர் முன்னால் படியில் மண்டியிட்டுவிட்டான்.

"ஐயா, அவளுக்கு அப்பா இல்ல. பக்கத்து வாசல்ல இருக்கீங்க, பெரியவர் நீங்க. பொண்ணு குடுப்பீங்களா?"

எஜீதியோ அவனை மேலும் கீழும் பார்த்தார். கோப்பையை நீட்டினார். அவன் குடித்தான்.

பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. பதினெட்டாவது கதவு மூடியிருந்தது. சவீனோ தட்டுவதற்குள் அது ஒரு சாண் திறந்தது. உள்ளே சிவந்த மூக்கு, கழுத்தில் கம்பளித் துண்டு, கையில் கைக்குட்டை. லொரேத்தா அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் மொத்த ஊரையும் பார்த்தாள். துருத்தி வாத்தியம் நின்றது.

"தனியா வான்னேன்," என்றாள்.

"தனியாத்தான் கெளம்பினேன் லொரேத்தா."

"மீசை எங்கய்யா?"

"ஓட்டுல தோத்துப் போச்சு."

அவள் உதடு துடித்தது. அழுகையா, கோபமா, சிரிப்பா என்று பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. சட்டென்று உள்ளே போய் ஒரு கோப்பை நிறையக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். "குடி. நெசத்தச் சொல்லு. ஊரே கேக்கட்டும்."

சவீனோ குடித்தான். வாய்க்குள் ஏதோ ஈரமாக இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. பதினேழு கோப்பைக்குப் பின்னால் பதினெட்டாவதாகக் காடியை ஊற்றியிருந்தாலும் அவன் நாக்கு கும்பிட்டு வரவேற்றிருக்கும். அமிர்தம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கதவை விரித்துவிடுவாள், முகம் மலர்ந்துவிடும், கல்யாணப் பேச்சையும் எடுத்துவிடலாம். அந்த வார்த்தை நுனி நாக்கு வரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியல," என்றான். "நாக்கு செத்துப் போச்சு லொரேத்தா. நீ கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதையும் கெடுத்துட்டேன். நல்லதா கெட்டதா சத்தியமாத் தெரியல. கெட்டுப் போயிருந்தா மொத்தப் பீப்பாயையும் நானே கீழ எடுத்துட்டுப் போயி, சாகற வரைக்கும் குடிக்கறேன். இங்க ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

எஜீதியோ மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சவீனோ கையிலிருந்த கோப்பையை வாங்கி, மிச்சமிருந்ததை மோந்தார். ஒரு மடக்கு குடித்தார். கண்ணை மூடினார். லொரேத்தா கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவளுடைய ஒரு வருஷம் முழுக்க அந்தக் கிழவரின் கடைவாயில் நின்றது.

"முரடு," என்றார் எஜீதியோ. "நாக்கப் புடிச்சு இழுக்குது. உங்கப்பன் போடறதும் மொதல்ல இப்படித்தான் கடிக்கும்."

"காடி?" என்று கேட்டாள் லொரேத்தா.

"காடியுமில்ல கீடியுமில்ல. நல்ல சரக்கு." ஊரே வாயைப் பிளந்தது. அவர் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஆனா அவசரப்படக் கூடாது. ஈஸ்டருக்கு வெச்சுக்கலாம்," என்றார்.

படியில் தள்ளாடி நின்ற சவீனோவின் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான். தான் பெண் கேட்ட கேள்விக்குப் பெரியவர் இப்போதுதான் பதில் சொல்கிறார் என்று புரிந்துகொண்டான்.

"ஈஸ்டருக்கா! குடுத்துட்டார்!" என்று கத்திக்கொண்டு எஜீதியோவை அப்படியே தூக்கி, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். "ஈஸ்டருக்குக் கல்யாணம்! எல்லாரும் வரணும்! தக்காளி என் செலவு!"

அதே நேரம் மத்தியான மணி அடித்தது. ஜனம் ஹோவென்று கத்தியது. துருத்தி வாத்தியம் மறுபடி ஆரம்பித்தது. காற்றில் தொங்கிக்கொண்டிருந்த எஜீதியோ, "நான் ஒயினச் சொன்னேன்டா!" என்று அலறியதை யார் கேட்டார்கள்? ஜெர்வாசியோ டாக்டரைக் கட்டிக்கொண்டு ஆடினார்.

அஸ்சூந்தாதான் முதலில் லொரேத்தாவின் முகத்தைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். சத்தம் மெல்ல அடங்கியது. சவீனோ கிழவரைக் கீழே இறக்கினான். அவளிடம் கேட்கவே இல்லையே என்பது அப்போதுதான் அவனுக்கும் லேசாக விளங்கியது. முகம் வெளுத்தது.

லொரேத்தா இரண்டு கையாலும் கதவை விரியத் தள்ளினாள். மூக்கைச் சிந்தினாள்.

"ஈஸ்டர்ல முடியாது," என்றாள். "கொடி கட்டற வேல தலைக்கு மேல கெடக்கும். ஜூன்ல வெச்சுக்கலாம்."

"ஜூன்ல எனக்குத் தக்காளிக்குத் தண்ணி பாய்ச்..." என்று சவீனோ ஆரம்பிக்க, பதினேழு வீட்டாரும் ஒரே குரலில் வாயை மூடச் சொன்னார்கள்.