தடித்த கம்பிக்கு ஒன்பது அங்குலம்

மருதமுனையில் சித்தி லைலாவின் வீடு, ஒரு செவ்வாய்க்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு, கிழக்கே ஒன்பது அங்குலம் நகர்ந்தது. அன்று பாரை மீன் கிலோ ஆயிரத்து அறுநூறு ரூபாய். கடல் அமைதி. மேசையில் இருந்த பிளேன்டீ சிந்தவில்லை, சுவர்க் கடிகாரம் நிற்கவில்லை, கூரையில் ஓர் ஓடுகூடச் சரியவில்லை. தண்ணீர்க் குழாய் மட்டும் இழுபட்டு உடைந்து முற்றத்தில் பீறியடித்தது. குழாயைப் பார்க்க வெளியே வந்த சித்தி லைலா, படிக்கட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளியைக் கண்டாள். உள்ளே அவளுடைய கணவன் காலிதீன், தன்னைவிட உயரமான டபிள் பேஸ் என்ற தந்தி வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சுண்டிய விரலை எடுக்க மறந்து நின்றான்.

சித்தி லைலாவின் வீடு என்று சொல்வது கை தவறி வந்ததல்ல. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்கு வருவான். மகளுக்குக் கல்யாணம் என்றால் அதே வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மனைவியோடு ஒதுங்குவான். நடுவில் இருக்கிற இருபது முப்பது வருடத்தில் அவன் அந்த வீட்டுக்கு வர்ணம் பூசலாம், ஓடு மாற்றலாம். காலிதீன் இருபத்து நான்கு வருடத்துக்கு முன் வந்தவன். அதில் பதினெட்டு வருடம் கத்தாரில். வீட்டுத் தரையின் டைல்ஸெல்லாம் அவன் அனுப்பிய காசுதான், ஆனால் அதில் செருப்போடு நடக்க அவனுக்கே அனுமதியில்லை. 'என் வீடு' என்று அவன் ஒரே ஒரு தடவை சொன்னதாகக் கேள்வி, அதுவும் தோஹா விமான நிலையத்தில் ஒரு நேபாளியிடம்.

அங்கே அவன் ஒரு ஹோட்டலில் சாமான் அறைப் பொறுப்பாளன். மாலையானால் பிலிப்பைன்ஸ்காரர்களின் இசைக்குழு வரும். அவர்களுடைய பேஸை அறையிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து அறைக்கும் தூக்கிச் செல்வது காலிதீனின் வேலை. பதினெட்டு வருடம் தூக்கினான், ஒரு நாளும் கம்பியில் விரல் வைத்ததில்லை. ஹோட்டலை மூடியபோது ஆளுக்கு ஒரு சாமானை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். புத்தியுள்ளவர்கள் டீவி எடுத்தார்கள், ஃப்ரிட்ஜ் எடுத்தார்கள். காலிதீன் பேஸை எடுத்தான். வாசித்தவனைவிடத் தூக்கியவனுக்குத்தான் அதில் உரிமை அதிகம் என்பது அவனுடைய வாதம். ஊரில் எவரும் அதை ஏற்கவில்லை. அவனும் பாதிதான் நம்பினான்.

பேஸ் கார்கோவில் தனியாக வந்தது. ஆள் நீளத்துக்குப் பலகைப் பெட்டி, மேலே கத்தார் முத்திரை, காலிதீனின் கடவுச்சீட்டுப் பிரதி போட்டோவோடு ஒட்டியிருந்தது. வேன் சாரதி பள்ளிவாசல் சந்தியில் நிறுத்தி, காலிதீன் வீடு எது என்று கேட்டான். அவ்வளவுதான். எங்கள் ஊருக்கு விளக்கம் கேட்கும் பழக்கம் கிடையாது. இறந்தவருக்குச் சொல்லும் இன்னாலில்லாஹியைச் சொல்லி, தொப்பியைச் சரிசெய்து, நாலு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். ஒலிபெருக்கியில் அறிவித்தாயிற்று, குழி வெட்ட மையவாடிக்கு மண்வெட்டியோடு ஆள் போயாயிற்று. முந்தின நாளே விமானத்தில் வந்திறங்கி சலூனில் முடிவெட்டிக்கொண்டிருந்த காலிதீன், ஜனாஸா போவதைக் கண்டு, பாதித் தலையோடு எழுந்து ஓடினான். ஜனாஸாவுக்குத் தோள் கொடுப்பது கடமையல்லவா? கலிமாவைச் சொல்லிக்கொண்டே நாற்பது அடி சுமந்துவிட்டு, "ஆருட மையத்து காக்கா?" என்று பக்கத்தில் கேட்டான். பக்கத்தில் சுமந்தவர் மயங்கி விழுந்ததில் பெட்டி சாய்ந்து, உள்ளே கம்பிகள் ஒரே நேரத்தில் உறுமின. கூட்டம் கலைய அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. வெட்டின குழியை என்ன செய்வது என்று கேட்டு மையவாடியிலிருந்து மூன்று நாள் ஆள் வந்தது.

விழுந்ததில் பேஸின் குதிரை, அதாவது கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு, இரண்டாகப் பிளந்துவிட்டது. உள்ளே முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் நிற்கும் குச்சியும் சரிந்து, அசைத்தால் கடகடவென்று உருண்டது. மெல்லிய கம்பி அறுந்திருந்தது. தறி செய்கிற தச்சன் மசூர் ஓடாவியிடம் கொண்டுபோனான். மசூர் தறிக்கு வைத்திருந்த முதிரைக் கட்டையில் புதுக் குதிரை செதுக்கினான். அறுந்த கம்பிக்குச் சாய்ந்தமருதில் வாங்கிய மீன்பிடித் தங்கூசி நூலை மூன்று புரியாக முறுக்கிப் போட்டார்கள். உள்குச்சியை வளைத்த கம்பியில் குத்தி, பக்கத்து ஓட்டையால் நுழைத்து நிறுத்த இரண்டு நாளும் மசூரின் வாயில் இருந்த நல்ல வார்த்தைகள் அத்தனையும் செலவாயின. குச்சியையும் ஒட்டக்கூடாது, குதிரையையும் ஒட்டக்கூடாது, இரண்டும் அழுத்தத்தில் தானாக நிற்க வேண்டும் என்று காலிதீன் போனில் பார்த்து வாசித்தபோது மசூருக்குப் பொறுக்கவில்லை.

"ஒட்டாம நிக்கிற சாமான் ஒலகத்துல எங்கயாவது இரிக்கா காக்கா?"

"இரிக்கி. நான் அந்த வூட்டுல இருபத்து நாலு வரிசமா அப்பிடித்தான் நிக்கன்."

பேஸின் அடியில் ஓர் இரும்பு ஊசி உண்டு, அதைத் தரையில் ஊன்றித்தான் வாசிக்க வேண்டும். டைல்ஸில் ஊசி வழுக்கியது. சித்தி லைலா சந்தைக்குப் போன நேரம் பார்த்து, காலிதீன் ஹோலின் நடு டைல்ஸில் துளையிட்டான். பிடிபடும் பயத்தில் அவசரமாக அழுத்தியதில் அது அத்திவாரம் வரை போய்விட்டது. ஊசியை இறக்கி முடிக்கும்போது அவளும் திரும்பிவிட்டாள், அசர் தொழுகையும் முடிந்திருந்தது. அடுத்து, எந்தப் பக்கம் பார்த்து நிற்பது? மேற்கே தொழுகைத் திசையான கிப்லா. அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு பாட்டுச் சாமானைத் தட்டுவதற்கு அவனுக்கு மனம் வரவில்லை. ஆகவே மரியாதையாகக் கிழக்கே, கடலைப் பார்த்து நின்று, தடித்த கம்பியைச் சுண்டினான். அதன்பிறகு நடந்ததைத்தான் தொடக்கத்திலேயே சொல்லியாயிற்று.

ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் சரிபார்ப்பதற்காக ஒரு தடவை சுண்டினான், அதற்கு மறுநாள் நிச்சயப்படுத்த இன்னொரு தடவை. மற்றக் கம்பிகளுக்கு வீடு அசையவில்லை. தடித்த கம்பிக்கு மட்டும், வாசிப்பவன் பார்க்கிற திசையில், சுண்டலுக்கு ஒன்பது அங்குலம். உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் அவன் சொல்லி அதுவரை ஒரு கதிரைகூட இடம் மாறியதில்லை. இப்போது வீடே மாறுகிறது! மனிதனுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று கிழமைக்குள் வீடு முப்பது அடி போய், சொந்த வளவைத் தாண்டி, கடற்கரை வீதியில் ஒரு காலை வைத்தது. படிக்கட்டும் கிணறும் பழைய இடத்திலேயே இருந்தன. சித்தி லைலா குளிப்பதற்கு அடுத்தவர் கண்பட நடந்து போகவேண்டி வந்தது, அதை அவள் மன்னிக்கவில்லை.

இத்தனைக்கும் அது மகள் ஸப்னாவுக்குச் சீதனமாக உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டிய வீடு. சாய்ந்தமருதிலிருந்து றிம்சான் என்ற மாப்பிள்ளை பேசியிருந்தது. பிள்ளைக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. இது முறிந்தால் வேறு மாப்பிள்ளை பார்க்கத் தேவையில்லை என்று உம்மாவிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் உம்மா நாச்சியா, வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் செய்தி அனுப்பினாள்.

"மேற்கால திரும்பி அடிச்சி, எடுத்த எடத்துல கொண்டுபோய் வைங்க!" என்று சித்தி லைலா கத்தினாள். காலிதீன் இரண்டு முறை திரும்பி நின்றான், விரல் ஓடவில்லை. "வாழ்க்கையில ஒரு ஒழுங்கும் இல்லாத மனிசன், புள்ள, நான். இந்த ஒண்டையாவது உட்டு வை" என்றான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஸப்னா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தம்தான் அவனைக் கொன்றது.

ஞாயிற்றுக்கிழமை நாச்சியா வந்தாள். கணவன் இல்லாதவள், ஒரே மகனை வளர்த்தவள், எதையும் கண்ணால் அளக்கிறவள். தனியாக நின்ற படிக்கட்டில் ஏறி இறங்கினாள். வெறும் அத்திவாரக் குழியைச் சுற்றி வந்தாள். வீதியில் அடுப்போடு நீட்டிக்கொண்டிருந்த குசினியைப் பார்த்தாள். உள்ளே வந்து உட்கார்ந்து, வட்டாவில் வெற்றிலை எடுத்தாள், மெல்லவில்லை.

"ஓடுற வூட்டுக்கு என்ன உறுதி எழுதுற?" என்றாள்.

காலிதீன் எழுந்தான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "பிழை வூட்டுலயும் இல்ல, புள்ளையிலயும் இல்ல. என்னிலதான். ஒங்கட கண்ணுக்கு முன்னால இத ஒடச்சி அடுப்புல வைக்கன். கலியாணத்த முறிச்சிப் போடாதீங்க" என்று சொல்லி, பேஸின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினான். ஊசி துளையிலிருந்து கழன்றது. பதினெட்டு வருடம் தூக்கிய பாரம், அன்றைக்கு மட்டும் கையில் கனக்கவே இல்லை. அழுகை வந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை.

நாச்சியா வெற்றிலையை வட்டாவில் திருப்பி வைத்தாள். "காக்கா, தெற்கால போகுமா?" என்று கேட்டாள்.

யாருக்கும் விளங்கவில்லை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நானும் ஒரு பொம்புளதான். என்ட உம்மாட வூட்டுல இரிந்துதான் நானும் மாப்புள எடுத்தன். அப்ப இனிச்சிச்சி. இப்ப பெத்து வளத்தவன ஒரு பெட்டியோட அனுப்பிப்போட்டு, நான் ஆரோட இரிந்து சோறு திங்கிற? எங்கட வூட்டுக்கு வடக்கால அடுத்த வளவு வெறுங்காணி, என்ட வாப்பாட. வூட்ட அங்கால கொண்டு வாங்க. சீதனமும் அதுதான், வேற ஒண்டும் வேணாம்."

எல்லோரும் சித்தி லைலாவைப் பார்த்தார்கள், ஏனென்றால் வீடு அவளுடையது. அவள் பிறந்த வீடு, அவளுடைய உம்மா மௌத்தாகிப்போன வீடு. அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள், கதவிடுக்கில் நின்ற மகளின் முகத்தைப் பார்த்தாள். "காணி இங்கதானே இரிக்கி, அது எங்கயும் போகாது. வூடு போகட்டும்" என்றாள். பிறகு காலிதீனிடம் திரும்பி, "ஓட்டைய நான் எப்பவோ கண்டுட்டன். ஊசிய நேராப் போடுங்க" என்றாள்.

மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்குக் கடற்கரையோரமாகப் பயணம் பதினொரு நாள் எடுத்தது. சுண்டல் இருபத்தோராயிரம் சொச்சம். காலிதீன் தெற்கே பார்த்து நின்று, தனக்குத் தெரிந்த ஒரே மெட்டை, அதுவும் அரைகுறையாக, திரும்பத் திரும்ப வாசித்தான். வழிநெடுக அதைக் கேட்டவர்கள் வீடு நகர்வதைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. மெட்டை மாற்ற முடியுமா என்றுதான் கேட்டார்கள். பாண்டிருப்பில் வலைகளை ஒதுக்கி வழிவிட்டார்கள். அந்தப் பிரிவின் கிராம சேவகர் கிருசிகா குடையோடு வந்து, குடும்பம் இரண்டு நாள் தன் பிரிவில் வசித்ததாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அடுத்த பிரிவில் காட்டச் சொன்னார். கல்முனையில் ஒரு பொலிஸ்காரர் வீட்டின் பின்பக்கத்தில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார். காலிதீனின் விரல்கள் கொப்புளித்து உடைந்தன. சித்தி லைலா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசித் துணி சுற்றிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனுடைய கையை அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை. ஒன்பதாம் நாள், "ஒங்கட வாசிப்பு கொஞ்சம் திருந்தியிரிக்கி" என்றும் சொன்னாள். அது பொய் என்பது இருவருக்கும் தெரியும்.

நிக்காஹ் அடுத்த மாதம் நடந்தது. மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மாலையோடு, உம்மா வீட்டு வாசலிலிருந்து மனைவி வீட்டு வாசலுக்கு இருபத்தெட்டு காலடி நடந்து வந்தான். ஊர்வலத்துக்குப் பிடித்த வாகனங்கள் சும்மா நின்றன. உறுதி எழுதிய சட்டத்தரணி, மூன்று எல்லைகளை வழக்கம்போல எழுதிவிட்டு, தெற்கெல்லைக்கு நேரே "அவ்வப்போது உள்ளபடி" என்று எழுதி முத்திரை குத்தினார். காலிதீனும் சித்தி லைலாவும் மருதமுனைக்குத் திரும்பி, பழைய கிணற்றுக்குப் பக்கத்தில் இரண்டு அறை போட்டுக்கொண்டார்கள். பேஸை மகள் வீட்டில் விட்டு வைத்தார்கள், இரண்டறை வீட்டுக்குத் துளை தாங்காது.

இப்போது இரண்டு வருடம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் காலிதீன் மகள் வீட்டுக்குப் போய், தெற்கே பார்த்து நின்று, தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை சுண்டுகிறான். போன கிழமையோடு இரண்டு குசினி யன்னல்களும் நேருக்கு நேர் நெருங்கிவிட்டன. நாச்சியா கறிச் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு யன்னலால் கையை நீட்டினாள். இந்தப் பக்கத்து யன்னலால் றிம்சானும் நீட்டினான். நடுவில் ஒரு சாண் குறைந்தது.

"இன்னொண்டு அடிங்க காக்கா" என்று அவள் குரல் கொடுத்தாள். "ஆணம் ஆறப்போகுது."

காலிதீன் அடித்தான்.