கணுக்கால் பிடிக்க ஆள்

படகில் ஃப்ரிட்ஜ் வைக்கலாம் என்று முதலில் யோசித்த புண்ணியவான் என் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேட்பேன். வீட்டு ஃப்ரிட்ஜ் என்றால் கதவைத் திறந்ததும் எல்லாம் எதிரே இருக்கும். பாய்மரப் படகில் அந்தப் பாக்கியம் கிடையாது. சமையல் மேடைக்குள் கிணறு மாதிரி ஒரு பெட்டி, மூடி மேலே. அடியில் ஒரு நட்டை முடுக்க வேண்டுமென்றாலும் இடுப்பு வரை தலைகீழாக உள்ளே இறங்க வேண்டும்.

அதனால் படகு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் தொழிலில் எனக்கும் அத்தானுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் உள்ளே போனால் மற்றவர் அவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்வார். அவ்வப்போது ஒரு அமுக்கு. 'இருக்கியா' என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் கால் கட்டைவிரலை ஆட்டினால் 'இருக்கேன்' என்று அர்த்தம். ஆட்டவில்லையென்றால் யோசிக்காமல் இழுத்துப் போட வேண்டும். ஃப்ரிட்ஜ் கேஸுக்கு வாசனை கிடையாது, காற்றைவிடக் கனம். கசிந்தால் பெட்டியின் அடியில்தான் தேங்கும். நம் மூக்கு இருப்பதும் அங்கேதான். அத்தானுடைய வலது கை மோதிர விரலில் பாதியை ஒரு ஃபேன் என்றைக்கோ தின்றுவிட்டது. “நாலரை விரல் பிடிடா மாப்ளே, விடாது” என்று சிரிப்பார்.

அந்த மனுஷன்தான் போன வருடம் தன் சொந்தப் படகின் பெட்டிக்குள்ளேயே செத்துப் போனார். அவர் மனைவி, என் அக்கா, கடைக்குப் போயிருந்தாள், நான் வேறொரு வேலையில் இருந்தேன். ஒரே ஒரு நட்டுதானே என்று நினைத்திருப்பார், அவசரக்குடுக்கை. அக்கா திரும்பி வந்து பார்த்தபோது கால்கள் மட்டும் மேலே நின்றிருக்கின்றன. எனக்கு இன்னும் அவர்மேல் கோபம் தீரவில்லை.

அக்கா படகை விற்கவில்லை. அதுதான் அவள் வீடு. ஃப்ரிட்ஜை மட்டும் தொடவிடாமல் மூடி வைத்திருந்தாள். இப்போது மகளுக்கு நிறைமாதம். மகள் இருப்பது நடுக்கடலில் ஒரு தீவு. பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டாமா? படகிலேயே போய்விடுவேன் என்று கிளம்பிவிட்டாள். படகோட்டுவதில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவளுக்குச் சர்க்கரை. தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். நடுவழியில் ஃப்ரிட்ஜ் நின்றால் மருந்து கெட்டுப்போகும். 

“தனியா போகாதக்கா. கூட ஒரு ஆளு வேணும்.”

“யாரு, நீயா? கரையில கட்டின படகுலயே வாந்தி எடுக்கிறவன்தானே நீ? போடா, வேலையைப் பாரு.”

வேலையைப் பார்த்தேன். பழைய மெஷினைக் கழற்றி எறிந்தேன். புது கம்ப்ரஸர், புதுக் குழாய், பெட்டிக்குள் புதுக் குளிர்தகடு. ஓடவிட்டதும் நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் வந்து பார்த்தால் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. பேட்டரியில் குறையில்லை, ஃபேன் சுற்றுகிறது. தகட்டின் ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்திருந்தது. அப்படியென்றால் கேஸ் குறைந்திருக்கிறது, எங்கோ கசிகிறது. இருந்திருந்து பெட்டியின் அடியில் குழாய் சேரும் அந்த இணைப்பாகத்தான் இருக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கொஞ்சம் கேஸ் ஏற்றிவிட்டு, சோப்புத் தண்ணீரும் ஸ்பேனருமாக உள்ளே இறங்கினேன். அக்கா கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்த வழக்கம் தெரியும். அமுக்கினாள், விரலை ஆட்டினேன். இணைப்பில் சோப்பு நுரைத்தது. அடியில் இரண்டு பேர் புகுந்த மாதிரி இடநெருக்கடி, ஸ்பேனர் திரும்பவே மாட்டேனென்றது. திட்டிக்கொண்டே முடுக்கினேன். மறுபடி ஒரு அமுக்கு. ஆட்டினேன். அக்காவின் கை இவ்வளவு சில்லென்று இருக்கிறதே, காலையில் ஏதாவது சாப்பிட்டாளோ இல்லையோ என்று நினைத்தேன். பிறகு அந்த நினைப்பும் நழுவியது. தூக்கம் சுகமாக வந்தது. இன்னொரு அமுக்கு. விரலை ஆட்டத் தோன்றவில்லை.

சாக்குமூட்டையை இழுப்பது போல ஒரே இழுப்பு. முகவாய் பெட்டி விளிம்பில் இடித்து, தரையில் வந்து விழுந்தேன். மூச்சு திரும்புவதற்குள் வாய் திரும்பிவிட்டது.

“ஏய் அக்கா! பல்லை உடைக்கப் பாத்தியா?”

 அறையில் யாருமே இல்லை. மேல்தளத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது, போனில் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். சிக்னலுக்காக மேலே போயிருக்கிறாள். பக்கத்தில் பார்த்தேன். கேஸ் சிலிண்டரின் வால்வு திறந்தே இருந்தது. கேஸ் ஏற்றியவன் நான், மூடாமல் இறங்கியவனும் நான். நுரைத்த ஓட்டை வழியாக அத்தனையும் என் மூக்கடியில் தேங்கியிருக்கிறது. வால்வை மூடினேன்.

அக்கா இறங்கி வந்தாள். “ரெண்டு நிமிஷம்டா, பாப்பா கூப்பிட்டா...” என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். கணுக்காலில் பிடித்த தடம் சிவந்திருந்தது. கட்டைவிரல், முழுதாக மூன்று விரல்கள், இடையில் ஒன்று பாதியோடு நின்றிருந்தது.

நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். அக்காவுக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஒரு வருஷமா கூப்பிடறேன்டா இந்த மனுஷனை! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் பக்கம் வந்திருப்பாரா? உன் காலைப் பிடிக்க மட்டும் வரத் தெரியுது!”

 பெட்டியை நன்றாகக் காற்றாட விட்டேன். இந்த முறை அக்கா போனை அணைத்துவிட்டுக் காலைப் பிடித்தாள். ஓட்டையை அடைத்து, கேஸ் ஏற்றி, ஓடவிட்டேன். தகடு முழுக்க ஒரே சீராகப் பனி படர்ந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சாமான்களை வண்டியில் ஏற்றக் கரைக்குப் போனேன்.

திரும்பி வந்து படியிறங்கினால், பெட்டிக்கு மேலே அக்காவின் இரண்டு கால்கள்.

  பாய்ந்து போய்க் கையை நீட்டினேன், தொடவில்லை. அவள் இடது கணுக்காலில் சதை குழிந்தது. என் கண்ணெதிரே, யாரும் தொடாமல், அது குழிந்தது. உடனே அவள் கட்டைவிரல் ஆடியது. குழிந்தது, ஆடியது.

உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. அக்கா அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தாள். “தாத்தா ஆகப்போற மனுஷன் பண்ற வேலையா இது? நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியல, இல்ல? உங்க சட்டையை இன்னும் துவைக்காம வச்சிருக்கேன், தெரியுமா? நாத்தம் தாங்கல...”

நான் சத்தம் போடாமல் மேலே போய் உட்கார்ந்துகொண்டேன்.  ஒட்டுக்கேட்ட மாதிரி வெட்கமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து அக்கா வந்தாள். முகம் கழுவியிருந்தாள். மருந்தை உள்ளே வைத்தாயிற்று என்றாள். அவள் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் போய்ச் சேர வேண்டும். மகளிடம் போய்ச் சேர வேண்டும், அவரிடம் அல்ல.

“வாந்தி எடுத்தாலும் பரவாயில்ல. நானும் வர்றேன்க்கா.”

“வேணாம்டா.” கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். “மறுபடியும் உள்ள போகப் பாத்தேன், விடல. தரதரன்னு இழுத்து வெளியே போட்டுட்டாரு. பொண்ணுகிட்ட போன்னு சொல்றாரு போல.”

“இருந்தாலும் தனியா...”

“தனியா எங்கடா? பிடிக்க ஆள் இருக்கு.”

படகு கரையை விட்டு விலகியது. சுக்கானைப் பிடித்தபடி அக்கா எனக்குக் கையாட்டினாள். அவள் வெறுங்காலில் கட்டைவிரலும் ஆடியது. அது எனக்கல்ல.